கில்வாவுக்குப் போன படகு

வீடியோவில் படகு தாழ்ந்து நின்றது.

றஞ்சனி அதைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். அளம்பில் ஊரில், அவளுடைய பட்டறையில், அவள் கண்முன்னால் பைபர் அச்சிலிருந்து இறங்கி, மாதிரிக்குப் போன வெள்ளைப் படகு அது. இப்போது தன்சானியாவின் தெற்குக் கரையில், கில்வா என்ற ஊரில், இடுப்பளவு தண்ணீரில் நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. எஞ்சின்கூட இன்னும் பூட்டவில்லை. ஆனால் பக்கவாட்டில் இழுத்திருந்த நீலக்கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. ஆட்களும் வலையும் ஐஸ்பெட்டியும் ஏறின பிறகுதான் அந்தக் கோடு நனைய வேண்டும்.

வீடியோ எடுத்த பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் நிதானமாக ஏதோ சொன்னது. சலாமா என்பது அவள் பெயர். அந்தக் கரையில் மீனவர் சங்கம் ஒன்றை நடத்துகிறவள்.

"என்ன சொல்லுறா?"

தம்பி றொசான் போனைக் காதோடு வைத்துக் கேட்டான். "வள்ளம் வடிவாம். பூச்சும் நல்லதாம். ஆனா ஆக்கள் ஏற முந்தியே ஏறின மாதிரி நிக்குதாம். ஏன் எண்டு கேக்கிறா."

"வேறை?"

"இஞ்சை நிக்கிற வள்ளங்களிலை ஒண்டைத் தண்ணியிலை இறக்கி வீடியோ எடுத்து அனுப்பட்டாம். அது சரியா நிண்டால்தான் ஓடராம். பிறகு மற்ற விசயம். திருத்திற ஆள் ஒராள் அங்கை வந்து நிக்கவேணுமாம். அதையும் அவா மறக்கேல்லை."

"நீ போவன்."

"நான் கனடாவுக்குப் பதிஞ்சுபோட்டுக் கிடக்கிறன். நீங்கள் என்னை மற்றப் பக்கம் தள்ளிவிடப் பாக்கிறியள்."

"கனடாவிலை நீ நிக்கப்போற இடத்திலை கடலும் இல்லை."

"அதுக்குத்தான் போறன் அக்கா."

றஞ்சனி சிரிக்கவில்லை. பட்டறை வாசலில் நின்று வெளியே பார்த்தாள். கில்வாவுக்கென்று கட்டிய ஐந்து படகுகளும் மணலில் கிடந்தன. ஆசனப் பலகை பூட்டாத வெறும் உடல்கள். கொள்கலனில் ஏற்றும்போது கிண்ணங்களைப்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடலாம். கொட்டிலுக்குள் இடம் போதாததால் அவை வெயிலிலேயே கிடந்தன. லொறி வருவதற்கு முதல் ஓடர் உறுதியாக வேண்டும். உறுதியாகாவிட்டால் பட்டறையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டறை அவளுடைய கணவன் திலீபன் தொடங்கியது. கரையெல்லாம் படகு கேட்டு நின்ற காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. பிறகு உதவி நிறுவனங்கள் கொடுத்த படகுகளும் பழைய படகுகளும் கைமாறத் தொடங்கின. கடலில் மீனும் குறைந்தது. ஒரு கார்த்திகை மாதம் திலீபன் தான் கட்டிய படகு ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கக் கடலுக்குப் போனான். படகு தானாகக் கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. அது மூன்று வருடத்துக்கு முந்தின கதை.

ஆபிரிக்கா என்ற எண்ணம் அவளுக்குக் கிளிநொச்சியில் வந்தது. ஏற்றுமதி பற்றிய கருத்தரங்கு ஒன்று நடக்கிறது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போனாள். அதிகாரி ஒருவர் சுவரில் படங்களைக் காட்டிப் பேசினார். ஆபிரிக்காவின் சனத்தொகையில் பெரும்பகுதி இளம் ஆட்கள் என்றார். கரையோர நகரங்கள் பெருகுகின்றன, மீனுக்குக் கேள்வி கூடுகிறது, குளிர் அறைகள் கட்டுகிறார்கள் என்றார். துணுக்காய்ப் பக்கமிருந்து வந்த விவசாயி ஒருவர் எழும்பி, தன்னுடைய நிலக்கடலையை அங்கே விற்கலாமா என்று கேட்டார். "அவையள்தான் உலகத்துக்கு நிலக்கடலை விக்கினம் ஐயா" என்று அதிகாரி சொல்ல, மண்டபமே சிரித்தது. றஞ்சனி மட்டும் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகம் இல்லாத கரை. அலை நேராக வந்து மணலில் உடைகிறது. ஆட்கள் தோள் கொடுத்து மரத் தோணி ஒன்றைக் கடலுக்குள் தள்ளுகிறார்கள். தோணிக்குப் பின்னால் புது யப்பான் எஞ்சின் தொங்குகிறது. அலைக்குள் தள்ளி இறக்கும் படகு எப்படி இருக்க வேண்டும் என்று அளம்பிலில் எல்லோருக்கும் தெரியும். அங்கே எஞ்சின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, கடல் இருக்கிறது. நல்ல படகு உடல்தான் இல்லை.

அதிகாரி கடைசியில் சொன்னதையும் அவள் மறக்கவில்லை. பொருளை மட்டும் விற்றுவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே இரண்டாவது ஓடர் கிடைக்காது, திருத்துவதற்கு ஓர் ஆளை அங்கேயே வைத்திருக்கிறவர்களிடம்தான் திரும்ப வாங்குவார்கள் என்றார். சலாமாவும் பின்னர் அதையேதான் கேட்டாள்.

மாதிரிப் படகு ஒன்றை முதலில் கேட்டபோது சலாமா இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: பக்கங்கள் சுத்த வெள்ளையாக இருக்கட்டும், பெயர் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். றஞ்சனிக்கு அது நியாயமாகப் பட்டது. அதனால் பட்டறையில் ஒரு வழக்கத்தை நிறுத்தினாள்.

அச்சிலிருந்து இறங்கிய படகின் அணியத்தில், அதாவது முன்முகப்பில், அடுப்புக்கரியால் உடனே ஒரு பெயர் எழுதிவிடுவது அந்தக் கரையின் வழக்கம். வாங்குகிறவன் பிறகு தனக்குப் பிடித்த பெயரைப் பெயின்ரால் எழுதுவான், சுவாமியாரும் வந்து ஆசீர்வதிப்பார். அதுவரைக்கும் கரிப்பெயர் இருக்கும். சந்தியில் போகிற ஆட்டின் பெயரை எழுதினாலும் சரி, பெயர் இல்லாமல் மட்டும் படகு வெளியில் கிடக்கக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் புது வெள்ளைப் பூச்சில் கரி ஊறினால் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு சாம்பல் நிழல் மிஞ்சும். வெளிநாட்டுக்குப் போகிற சாமானில் கறை இருக்கக் கூடாது என்று றஞ்சனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாதிரிப் படகுதான் அப்படிப் பெயரில்லாமல் கிடந்த முதற்படகு. லொறி வர ஒரு கிழமைக்குமேல் சென்றது. அத்தனை நாளும் அது கடலைப் பார்த்தபடி மணலில் கிடந்தது.

மறுநாள் காலையில் ஐந்தில் ஒன்றை நாயாற்றுக் களப்புக்கு, அந்தக் கடலேரிக்கு, கொண்டுபோகப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பட்டறைப் பொடியன்கள் நான்கு பேர் படகைப் பிடித்தார்கள். அச்சிலிருந்து எடுத்த அன்றைக்கு இதே நான்கு பேர்தான் கதைத்துச் சிரித்துக்கொண்டு தூக்கி வந்தார்கள். இப்போது அது அசையவில்லை.

"மணல் பிடிச்சுக் கிடக்குது" என்றான் ஒருவன்.

றொசானும் போய்ப் பிடித்தான். பக்கத்து மீன்வாடியிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கி, ஒருமாதிரி ஏற்றினார்கள். லாண்ட்மாஸ்ரரின் ரயர் பாரத்தில் சப்பளிந்தது. றஞ்சனி படகுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஈரமணல் கொஞ்சம் இருந்தது. நாய் ஏறிப் படுத்திருக்கும் என்று நினைத்தவள், அந்த வாக்கிலேயே மற்றப் பக்கம் பார்த்தாள். கரையில் கிடந்த பழைய படகு ஒவ்வொன்றின் நிழலிலும் நாய்கள் படுத்திருந்தன. புதுப் படகுகளின் நிழல்கள் வெறுமையாக இருந்தன.

வெயில் ஏறியிருந்தது. பைபர் உடல் அந்த நேரத்தில் கையை வைக்க விடாது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். கிணற்றுக்கட்டுப்போலக் குளிர்ந்தது.

களப்பில் காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. படகைத் தள்ளி இறக்கியதும் அது ஒருதரம்கூட ஆடாமல், பாரம் ஏற்றிய படகு இறங்குவதைப்போல மெல்ல இறங்கி நின்றது. நீலக்கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

"றெசின் காயாமல் தண்ணி குடிச்சிருக்கும்" என்றான் றொசான். அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. தட்டிப் பார்த்தான். எல்லாப் பக்கமும் காய்ந்த, நல்ல சத்தம்.

"ஏறிப் பார்" என்றாள் றஞ்சனி.

அவன் விளிம்பைப் பிடித்து உள்ளே ஏறினான். தடித்த ஆள் அவன். படகு ஆடவும் இல்லை, தாழவும் இல்லை. ஒரு காலை முன்னால் வைத்தான், பிறகு அதை எடுத்துப் பின்னால் வைத்தான். நெரிசலான பஸ்ஸுக்குள் நிற்கிறவனைப்போல இரண்டு தோளையும் ஒடுக்கிக்கொண்டு நின்றான். பிறகு தண்ணீருக்குள் இறங்கிக் கரைக்கு வந்தான்.

"என்னடா?"

"அக்கா, உள்ளுக்கை இருக்க இடமில்லை."

"வெறும் வள்ளத்துக்கையோ?"

"எனக்குத் தெரியாது. இடமில்லை."

றஞ்சனி போனை எடுத்து, கில்வா வீடியோவை இன்னொருமுறை ஓடவிட்டாள். இந்த முறை படகைப் பார்க்காமல் படகைச் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறார்கள். ஒரு மனிதர் ஏறுகிறார். அவரும் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நிற்கிறார்.

மார்கிறட் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. மார்கிறட் பட்டறையில் பைபர் வெட்டிக் கொடுக்கும் பெண். றஞ்சனியைவிட ஒரு இருபது வயது மூப்பு. அவளுடைய கணவன் யாக்கோப்பு, சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அதோடு போனவர். லாண்ட்மாஸ்ரருக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள்.

"கரி இல்லையெண்டால் இப்பிடித்தான், கடலிலை போனவை ஏறிக்கொள்ளுவினம்" என்றாள் மார்கிறட். மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

றஞ்சனி திரும்பிப் பார்த்தாள். அதைக் கேட்டதும் ஆச்சரியம் வரவில்லை. ஏறிப் பார் என்று தம்பிக்குச் சொல்லும்போதே மனதின் ஒரு மூலையில் அது கிடந்தது.

"மார்கிறட்டக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"உந்த அஞ்சையும் வெளியிலை போட்ட கிழமையே."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மார்கிறட் அந்தப் படகுகளுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பதை றஞ்சனி பல தடவை கண்டிருக்கிறாள். மகளோடு போன் கதைக்கிறாள் என்று நினைத்தாள். மார்கிறட்டின் போன் உடைந்து மாதக்கணக்காகிறது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பேர் எழுதியிருப்பாய்."

களப்பில் ஒரு கொக்கு தாழப் பறந்து வந்து, படகின் அருகில் வந்ததும் வளைந்து மற்றப் பக்கமாகப் போயிற்று.

"யாக்கோப்பு அண்ணையும் இதுக்குள்ளையோ?" என்று றஞ்சனி மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்குள்ளை இல்லை. அங்கை கடைசியா நிக்கிறதுக்குள்ளை. வழக்கம்போல ஒண்டும் கதைக்கமாட்டார். நான்தான் கதைக்கிறனான்."

றஞ்சனி அடுத்த கேள்வியைக் கேட்க முதல் மார்கிறட்டே சொன்னாள். "உன்ரை ஆள் அஞ்சிலையும் இல்லை பிள்ளை. நான் பாத்தனான்."

"அப்ப?"

"உனக்குத் தெரியாதே அவரை. எதிலையும் முதலாளாத்தான் ஏறுவார்."

அது உண்மை. அச்சிலிருந்து இறங்கும் ஒவ்வொரு படகையும் திலீபன் ஒருதரம் சுற்றி வருவான். பழைய காயம் ஒன்றால் இடது கால் இழுபடும். மணலில் ஒரு கோடு விழுந்து படகைச் சுற்றிப் போகும். ஒட்டின இடமெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பான். பிறகு முதல் ஆளாக உள்ளே ஏறி நிற்பான். பெயரில்லாமல் கிடந்த முதற்படகு இப்போது கில்வாவில் நிற்கிறது.

"ஓடர் வேணும்" என்றாள் றஞ்சனி. தனக்கே சொல்லிக்கொள்வதுபோலிருந்தது. "பட்டறை ஓடவேணும் அக்கா. உங்களுக்கும் பொடியளுக்கும் வேறை என்ன கிடக்குது?"

"நான் எழுதவேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றாள் மார்கிறட். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அடுப்புக்கரித் துண்டை அவிழ்த்து நீட்டினாள். "நீ எண்டைக்கோ கேப்பாய் எண்டு கொண்டுதிரிஞ்சனான்."

றஞ்சனி தண்ணீருக்குள் இறங்கினாள். அணியத்தில் 'நாயாறு' என்று எழுதினாள். அந்த நேரத்தில் வேறு பெயர் வரவில்லை. கடைசி எழுத்தை எழுதிக் கையை எடுத்ததும் படகின் மற்றப் பக்கத்தில் தண்ணீர் தளும்பியது. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு பல வளையங்கள். ஆட்கள் வரிசையாகக் குதித்தால் எழும்பும் வளையங்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக, அவசரப்படாமல், கடல்வாய் இருந்த பக்கமாக நகர்ந்தன. படகு மெல்ல எழும்பியது. ஈர நீலக்கோடு வெயிலில் மின்னியது. பிறகு அது எந்த வெறும் படகையும்போல, சும்மா ஆடத் தொடங்கியது.

றொசான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் எடுத்ததில் படகு பாதிதான் விழுந்திருந்தது. திரும்பவும் எடுத்தான்.

அளம்பிலுக்குத் திரும்பி மற்றவற்றுக்கும் எழுதினாள். கரையோர ஊர்களின் பெயர்களையே எழுதினாள்: சிலாவத்தை, செம்மலை, கொக்குளாய். ஒவ்வொன்றுக்கும் கீழே மணலில் புதைந்திருந்த தென்னங்குற்றிகள் முனகி நிமிர்ந்தன. கடைசிப் படகுக்கு வந்தபோது மார்கிறட் கையை நீட்டித் தடுத்தாள். அணியத்தில் உள்ளங்கையை வைத்துக் குனிந்தாள்.

"இறங்குங்கோ" என்றாள். "இதுகளுக்கு வேலை கிடக்குது. நானும் வேலைக்குப் போகவேணும்."

பிறகு விலகி நின்றாள். றஞ்சனி 'அளம்பில்' என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு நாய் வந்து அந்தப் படகின் நிழலை முகர்ந்து பார்த்துவிட்டு, சுருண்டு படுத்தது.

நாயாற்று வீடியோவை அனுப்பியதும் கில்வாவிலிருந்து பதில் உடனே வந்தது. றொசான் வாசித்தான். "இந்த வள்ளம் சரியாம். அப்ப அங்கை நிக்கிறது ஏன் அப்பிடி எண்டு கேக்கிறா. அதுக்கும் வழி சொன்னால் ஓடரை உறுதிப்படுத்துவாவாம். அது சரிவராட்டி சங்கத்து ஆக்கள் மிச்சத்தையும் வேண்டாம் எண்டுவினமாம்."

றஞ்சனி கதிரையில் இருந்தாள். கரி பட்ட கையை மடியில் வைத்திருந்தாள்.

பெயர் எழுதச் சொல்லாமல் விட்டால், படகைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். பழுது என்று சொன்னால் போதும். ஓடர் போய்விடும். ஆனால் படகு வரும். அதை இந்தக் கொட்டிலுக்குள்ளேயே வைத்திருக்கலாம். மத்தியானத்தில் பக்கத்தில் இருந்து கதைக்கலாம். மார்கிறட் அப்படித்தானே இருந்தாள். எழுதச் சொன்னால், திலீபன், பெயர் தெரியாத ஒரு கரையில், பாஷை தெரியாத சனத்துக்கு நடுவில் இறங்குவான். அங்கிருந்து இந்தக் கடலுக்கு எப்படித் திரும்புவது என்று உயிரோடு இருக்கிறவர்களுக்கே தெரியாது.

கொட்டிலுக்குள் பொடியன்கள் வேலையில்லாமல் குந்தியிருந்தார்கள். அச்சு வெறுமையாகக் கிடந்தது. அதைத் திலீபன் தன் கையால் தேய்த்து மினுக்கியிருந்தான். அதிலிருந்து படகு இறங்காத நாளில் அவன் சாப்பிடவும் மறந்து அதைச் சுற்றிச் சுற்றி நடப்பான்.

"எழுது" என்றாள்.

"எப்பிடி அக்கா? இதை இங்கிலிசிலை நான் எப்பிடி எழுதுறது?"

"உள்ளதை எழுது. பேர் எழுத மறந்திட்டம். கரியாலை அணியத்திலை ஒரு பேர் எழுதச் சொல்லு. அவாக்குப் பிடிச்ச பேர்."

றொசான் எழுதி அனுப்பினான். அந்தப் பக்கத்தில் வாசித்ததற்கான அடையாளம் விழுந்தது. சிரிப்பார்கள் என்று றொசான் நினைத்தான். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரேயொரு சொல் வந்தது. சரி.

அடுத்த நாள் மத்தியானம் வீடியோ வந்தது. படகு தண்ணீரில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. நீலக்கோடு முழுவதும் மேலே தெரிந்தது. அணியத்தில் கரியால் ஏதோ ஒரு பெயர். அடுத்த துண்டு சில மணி நேரம் கழித்து எடுத்தது. கமரா மெதுவாகக் கீழே திரும்பியது. கடல் வற்றி, படகைச் சுற்றி ஈரமணல் விரிந்து கிடந்தது. தண்ணீரின் விளிம்பிலிருந்து காலடிகள் புறப்பட்டு, தென்னைகளுக்கு நடுவே ஊர்ப்பக்கமாகப் போயின. பெரிய கால்கள், சின்னக் கால்கள். கடல்பக்கம் திரும்பிய காலடி ஒன்றும் இல்லை.

ஒரு சோடி மட்டும் மற்றவற்றோடு போகவில்லை. அது படகு நின்ற இடத்தை ஒருதரம் முழுதாகச் சுற்றியிருந்தது. வலது கால் தெளிவாக இருந்தது. இடது கால் நெடுக ஒரு கோடு இழுத்திருந்தது.

றஞ்சனி போனை மேசையில் வைத்தாள். பிறகு எடுத்துத் திரும்பவும் பார்த்தாள். சுற்றின காலடி தென்னைகள் பக்கம் போகவில்லை. படகின் பின்பக்கத்தில், எஞ்சின் பூட்டும் இடத்துக்கு நேரே வந்து நின்றிருந்தது. அங்கே மணல் நன்றாக மிதிபட்டுக் கிடந்தது.

வீடியோவுக்குக் கீழே சலாமா எழுதியிருந்ததை றொசான் வாசித்தான். "ஓடர் உறுதியாம். மிச்ச வள்ளங்களைப் பேரோடையே அனுப்பட்டாம்." நிறுத்தினான். "வந்தவை ஆர் எண்டு கேக்கேல்லை. அங்கையும் கடல் இருக்குது, தங்களுக்கும் தெரியும் எண்டு எழுதியிருக்கிறா."

"வேறை?"

"வேறையென்ன, பழைய பாட்டுத்தான். திருத்திற ஆள் எப்ப வருவார் எண்டு கேக்கிறா. அக்கா, நான் முதலே சொல்லிப்போட்டன்..."

"நீ போகவேண்டாம்."

கொட்டிலுக்குள் யாரோ றெசின் வாளியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மார்கிறட் பைபர் விரிப்பை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கத்தரிக்கோல் நின்றது.

"ஆள் வந்திட்டார் எண்டு எழுது" என்றாள் றஞ்சனி. "இடது கால் கொஞ்சம் இழுபடும், பாத்துக்கொள்ளச் சொல்லு."